புதுப்பிப்பு: டாட்டூ உரிகிறது, மை போய்விடுமா என்று கேட்டிருந்தேனே

முன்கையில் போட்ட டாட்டூ கறுப்புத் துணுக்குகளாக உரிகிறதே என்று பயந்து கேட்டிருந்தேன். மை எங்கும் போகவில்லை. உரிந்தது மேல்தோல் மட்டும்தான். மை தங்குவது அதற்குக் கீழே உள்ள அடித்தோலில். உரிந்து முடிந்ததும் கோடுகள் கொஞ்ச நாள் மங்கலாக, பால் படிந்தாற்போல் இருந்தன. புதுத்தோல் முதிர முதிரத் தெளிந்துவிட்டது.

அரிப்புதான் படுத்தி எடுத்தது. பொருக்கைப் பிய்த்தால் அந்த இடத்தில் மை விட்டுப்போகும் என்பதால் உள்ளங்கையால் லேசாகத் தட்டிக்கொள்வேன், அப்புறம் வாசனையில்லாத க்ரீம், மெல்லிசாக. அள்ளி அப்பினால் பொருக்கு ஊறிப்போகும். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்தேன்.

மேல்தோல் ஆறப் பொதுவாக 2 முதல் 4 வாரம் ஆகும், உள்ளே முழுசாக ஆறச் சில மாதங்கள். மேல்தோல் ஆறும்வரை நீச்சல் வேண்டாம் என்றவர்கள் சொன்னது சரி. சன்ஸ்கிரீனும் மேல்தோல் ஆறிய பிறகுதான். அதற்குமுன் தளர்வான முழுக்கைச் சட்டை போதும்.

சிவப்பு பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ நேராக டாக்டரிடம் போங்கள், டாட்டூ போட்டவரிடம் அல்ல.

போடுவதற்கு முன் என்ன செய்யலாம் என்று கேட்டவருக்கு: வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், முந்தைய நாள் மது வேண்டாம், வெயிலில் கன்றிய தோலில் போடாதீர்கள்.