ஜெக்கில் தீவில் 4 நாள், கூட்டமில்லாமல் தங்க வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. பிள்ளைகளுக்கு ஏப்ரல் முதல் வாரம் ஸ்பிரிங் பிரேக். அட்லாண்டாவிலிருந்து காரில் ஜார்ஜியாவின் ஜெக்கில் தீவுக்குப் போகிறோம். அம்மாவும் வருகிறார், முழங்கால் வலி. ஆட்டம்பாட்டம் இல்லாத இடம்தான் வேண்டும்.

1886ல் கோடீஸ்வரர்கள் கிளப் தொடங்கிய தீவு. ராக்ஃபெல்லர், மோர்கன் குடும்பங்கள் குளிர்காலத்தைக் கழித்த வீடுகள் இன்னும் நிற்கின்றன. ஆனால் என்னை இழுப்பது இரண்டு இடங்கள். ஒன்று, 1743ல் கட்டிய ஹார்டன் வீடு. சிப்பியைச் சுட்ட சுண்ணாம்பு, மணல், சிப்பி ஓடு கலந்த சுவர். இன்னொன்று தென்கோடியில் உள்ள, வாண்டரர் என்ற கப்பலின் நினைவுப் பாதை. 1858ல், அடிமை இறக்குமதிக்குத் தடை வந்து 50 வருஷம் ஆன பிறகும், ஆப்பிரிக்காவிலிருந்து 400க்கும் மேற்பட்டோரை அந்தக் கப்பல் இங்கேதான் இறக்கியது. பிள்ளைகள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

போய் வந்தவர்கள் சொல்லுங்க: வடக்கே டிரிஃப்ட்வுட் கடற்கரையில் காய்ந்த மரங்களைப் பார்க்க அம்மாவால் மணலில் எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும்? தண்ணீர் இறங்கியிருக்கும் நேரத்தில் போனால் சுலபமா? பழைய கிளப் பக்கம் தங்கலாமா, கடற்கரைப் பக்கமா? அம்மா சுத்த சைவம், அதனால் சின்ன சமையலறை உள்ள அறையாக இருந்தால் நல்லது. வாடகை சைக்கிளில் குழந்தை இருக்கை கிடைக்குமா?

கடலாமை மையத்துக்கு எத்தனை மணிக்குப் போனால் கூட்டம் குறைவு என்பதும் தெரிந்தால் பெரிய உதவி. இந்த ஞாயிறு அறை பதிவு செய்யணும்.