ஆலையை விற்கும்போது பணியாளர்களிடம் எப்போது, எப்படிச் சொன்னீர்கள்? அனுபவப் பகிர்வு

கருங்கல் பகுதியிலிருந்து:

என் தந்தையார் தொடங்கி, பிறகு நான் நடத்திவந்த முந்திரி ஆலையை, எங்கள் பக்கத்துப் பேச்சில் சொன்னால் அண்டி ஆபீஸை, 2019ஆம் ஆண்டு விற்றேன். அப்போது 62 பேர் வேலை செய்தார்கள். ஐந்தாறு பேரைத் தவிர அனைவரும் பெண்கள்.

விலை படியும்வரை எவரிடமும் சொல்ல வேண்டாம் என்று வாங்குபவர் கேட்டுக்கொண்டார். அது நியாயமே, தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வரும் ஆப்பிரிக்கக் கொட்டையை எனக்குக் கடனில் தந்துவந்த வியாபாரிகள், செய்தி கசிந்தால் மறுநாளே ரொக்கம் கேட்பார்கள். ஆனால் அவர் அனுப்பிய ஆட்கள் ஒரு சனிக்கிழமை பாய்லரையும் கட்டடத்தையும் டேப் பிடித்து அளந்தபோது, தோலுரிக்கும் அறையில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை 17 பேர் வரவில்லை.

அன்று மதியம், 22 ஆண்டுகளாகக் கொட்டை உடைத்துவந்த ஓர் அக்கா, தோட்டின் எண்ணெய் ஒட்டாதிருக்கப் பூசிய சாம்பலைக்கூடக் கழுவாமல் என் அறை வாசலில் வந்து நின்றார். “முதலாளி, விக்கது உங்க இஷ்டம். எங்க சர்வீஸ் காசு என்ன ஆவும்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. விலை பேசத் தொடங்கும் முன்பே அந்தக் கேள்விக்கு நான் விடை தேடியிருக்க வேண்டும் என்பதை இன்றும் வருத்தத்தோடு நினைக்கிறேன்.

மறுநாளே நாகர்கோவிலில் ஒரு தொழிலாளர் வழக்கறிஞரைப் பார்த்தேன். அன்று நடைமுறையில் இருந்த 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டப்படி, நிறுவனம் கைமாறும்போது வேலை இடையில் அறுபடாமலும், ஊதிய நிபந்தனைகள் குறையாமலும், பழைய பணிக்காலத்தைப் புதிய முதலாளி தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டும் இருந்தால் தனி இழப்பீடு தர வேண்டியதில்லை. இவற்றில் ஒன்று தவறினாலும், ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கு முன்னறிவிப்பும் இழப்பீடும் உண்டு. பணிக்கொடை ஆண்டுக்கு 15 நாள் ஊதியம். உடைப்பவர்களும் தோலுரிப்பவர்களும் எடைக்கணக்கில் கூலி பெறுவதால், கடைசி மூன்று மாதச் சராசரியை வைத்தே நாள் ஊதியம் கணக்கிடப்படும். அப்படிப் பார்த்தால் அந்த அக்காவுக்கு மட்டும் 330 நாள் கூலி சேர்ந்திருந்தது. அதுவரை நான் அதை எழுதிக்கூடப் பார்த்ததில்லை.

ஒவ்வொருவருக்கும் சேர்ந்த நாள், பணிக்கொடைத் தொகை, வருங்கால வைப்பு நிதி எண் ஆகியவற்றைத் தனித்தனித் தாளில் எழுதி, விற்பனை ஒப்பந்தத்திலும் அந்தப் பட்டியலைச் சேர்த்தேன். அந்தத் தொகை முழுவதையும் விலையில் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றார் வாங்குபவர், நான் சம்மதித்தேன். அதன்பிறகு வேலை முடியும் நேரத்தில் எல்லோரையும் கூட்டி, வாங்குபவரையும் அருகில் நிறுத்திக்கொண்டு, தாள்களைக் கையில் கொடுத்த பிறகே பேசினேன். முதலில் உடைக்கும் பகுதி, பிறகு தோலுரிக்கும் பகுதி என்று பிரித்துச் சொல்லலாம் என மேலாளர் சொன்னதை நான் ஏற்கவில்லை. முதல் கூட்டம் கலைவதற்குள் செய்தி வேறு உருவத்தில் அடுத்த அறைக்குப் போய்விடும். விலகிப்போன 17 பேரில் 11 பேர் அந்த வாரமே திரும்பி வந்தார்கள்.

வங்கியிடம் மட்டும் இதற்கெல்லாம் முன்பே சொல்லிவிட்டேன். சரக்கும் இயந்திரங்களும் கடனுக்கு ஈடாக இருந்ததால், அவர்கள் ஒப்புதல் இல்லாமல் எதுவும் நகராது.

தக்கலையிலிருந்து:

நான் மறுபக்கத்தில் இருந்தவன். 14 ஆண்டுகள் பைண்டிங் வேலை பார்த்த அச்சகம் கைமாறிய செய்தியை, பெயர்ப்பலகை எழுத வந்தவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பழைய முதலாளி நல்லவர்; சொல்வதற்குச் சங்கடப்பட்டார் என்றே நம்புகிறேன். ஆனால் புதியவரின் வருகைப் பதிவேட்டில் நான் சேர்ந்த நாளாக அந்த மாதம் 1ஆம் தேதி எழுதப்பட்டிருந்தது. அதைத் திருத்த, பழைய சம்பளச் சீட்டுகளைத் தேடி வீட்டுப் பரணை இரண்டு நாள் குடைந்தேன். மேலே அந்த அண்ணன் கொடுத்ததாகச் சொல்லும் தாள் போல ஒன்று அன்று என் கையில் இருந்திருந்தால் போதும்.