கொளுத்தும் வெயிலில் இறைச்சிக்குப் புகையூட்டிய அனுபவங்கள்: பலர் எழுதியவை

நிழலிலேயே 41 டிகிரி செல்சியஸ் காட்டிய ஒரு நாளில், பதினைந்து பேரை முன்கூட்டியே விருந்துக்கு அழைத்துவிட்ட ஒரே காரணத்துக்காக, நான்கு கிலோ எடையுள்ள பன்றித் தோள்கறி ஒன்றுக்குப் புகையூட்டத் துணிந்தேன். குளிர் நாட்களில் என் ஸ்மோக்கரில் (கரியும் விறகும் போட்டுப் புகையில் வேகவைக்கும் மூடிய கலம்) குறைந்தது இருபது முறையாவது சமைத்திருந்ததால், வெயில் எனக்குத் துணை செய்யும் என்றே நம்பினேன். உள்ளே வேண்டியது 110 டிகிரி, வெளியே ஏற்கெனவே 41 இருக்கிறது, ஆகவே கொஞ்ச வேலையைச் சூரியனே பார்த்துக்கொள்ளும் என்பது என் கணக்கு. கணக்கில் பிழையில்லை, அதற்கேற்ப நெருப்பைக் குறைக்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தோன்றவில்லை.

வழக்கம்போல் கரி பற்றவைக்கும் தகரக் குழாய் நிறையக் கரியைக் கனலாக்கிக் கொட்டி, அதன்மேல் இரண்டு விறகுத் துண்டுகளையும் வைத்தேன். கறுப்பு வண்ணம் பூசிய இரும்புக் கலம் நேர் வெயிலில் நின்றதால், அரை மணி நேரத்துக்குள் வெப்பம் 150 டிகிரியைத் தாண்டிவிட்டது. பதறிப்போய்க் கீழே உள்ள காற்றுத் துளைகளை அடைத்தேன். அது போதாதென்று மூடியில் உள்ள துளையையும் முக்கால் பங்கு மூடினேன். வெப்பம் இறங்கத்தான் செய்தது. ஆனால், அதுவரை உற்றுப் பார்த்தால் மட்டுமே தெரியும்படி மெல்லிய நீல நிறத்தில் வந்துகொண்டிருந்த புகை, சற்று நேரத்தில் பஞ்சுப்பொதி போல வெள்ளையாகத் திரண்டு வெளியேறத் தொடங்கியது. அந்தக் காட்சியைக் கண்டு, இன்றைக்குப் புகை நன்றாக ஏறுகிறது என்று நான் மகிழ்ந்ததுதான் இந்தக் கதையிலேயே வெட்கப்பட வேண்டிய இடம்.

விறகு எரியும்போது அதிலிருந்து வெளிவரும் ஆவிகள், போதிய காற்றுக் கிடைத்தால் எரிந்துவிடுகின்றன. காற்றை அடைத்தால் அவை பாதி வெந்த நிலையில் தார்த் துளிகளாக மாறி இறைச்சியின் மேல் படிகின்றன. என் தோள்கறி வெளியே எடுத்தபோது மெருகு போட்டதுபோல் கன்னங்கரேலென்று அழகாகத்தான் இருந்தது. ஒரு துண்டை வாயில் போட்டதும் நுனிநாக்கு மரத்துப்போய், தொண்டையில் ஒரு கசப்பு தங்கிவிட்டது. வந்தவர்கள் நாகரிகம் கருதி மேற்பரப்பைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு உள்கறியை மட்டும் சாப்பிட்டார்கள். என் மாமியார் மட்டும், "புதிதாகச் சாலை போட்ட வாசனை வருகிறதே, மாப்பிள்ளை" என்று கேட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு, வெயில் நாட்களில் குழாயில் பாதிக்கும் குறைவாகவே கரியை எடுத்துக்கொள்கிறேன். மூடியில் உள்ள துளையை முழுவதும் திறந்தே வைத்துவிட்டு, கீழ்த் துளையை மட்டும் சிறிது சிறிதாகக் கூட்டிக் குறைக்கிறேன். மூடித் துளை வழியே புகையை மேலே கொண்டுபோகும் இழுவை உள்வெப்பத்துக்கும் வெளிவெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டால் உண்டாவது; வெளிக்காற்றே சூடாக இருக்கும் நாளில் அந்த இழுவை கொஞ்சம் தளர்ந்துதான் இருக்கும், அந்த நேரத்தில் மேல் வாயையும் அடைப்பது இரட்டைத் தவறு. அளவு மீறிக் கனன்றுவிட்டால், நான்கைந்து கங்குகளை இடுக்கியால் எடுத்து இரும்பு வாளியில் போட்டு மூடிவிடுகிறேன். விறகும் மூடிய கையளவுத் துண்டாக, ஒரு நேரத்தில் ஒன்றுதான். மூடியில் பதித்திருக்கும் வட்ட வெப்பமானி வெயில் பட்டால் ஏதேதோ காட்டுகிறது. கம்பித்தட்டின் அருகிலேயே ஓர் உணரியைப் பொருத்திய பிறகுதான் உண்மை நிலவரம் தெரிந்தது. அந்த உணரியின் அளவைக் காட்டும் கைக்கருவியை ஒருமுறை கலத்தின் பக்கப்பலகையிலேயே விட்டுவிட்டதால் அதன் திரை முழுக்கக் கறுத்துப்போனது. நிழலில் ஆறியபின் எழுத்துகள் திரும்பி வந்தன.

* * *

தாரின் சுவையை நானும் அறிவேன் என்பதால் அதைப் பற்றி மேலும் எழுதவில்லை. என் அனுபவம் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தைப் பற்றியது.

இறைச்சியைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்த பிறகே நெருப்பில் வைக்க வேண்டும் என்ற அறிவுரையைப் பல ஆண்டுகள் வேதவாக்காகப் பின்பற்றி வந்தேன். வெளியே 38 டிகிரி இருந்த ஒரு காலையில், மசாலா தடவிய மாட்டு நெஞ்சுக்கறியை மேசைமேல் வைத்துவிட்டுக் கரி பற்றவைக்கப் போனவன், காற்று வீசியதால் நெருப்போடு மல்லுக்கட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் கழித்துத்தான் திரும்பினேன். மேலே போட்டிருந்த வலைமூடி ஒரு பக்கம் காற்றில் தூக்கியிருந்தது. பச்சை நிறத்தில் மின்னும் ஈக்கள் இரண்டு கொழுப்பு மடிப்பில் உட்கார்ந்திருந்தன. அவற்றை விரட்டிவிட்டுக் குனிந்து பார்த்தபோது, அரிசிக் குருணையைவிடச் சிறிய வெள்ளை முட்டைகள் கொத்தாக ஒட்டியிருந்தன. அந்தப் பக்கத்தை ஆழமாக வெட்டி எறிந்தாலும் மனம் ஒப்பவில்லை. முழுவதையும் குப்பையில் போட்டேன்.

எறிவதற்கு முன் ஆர்வத்தால் வெப்பமானியைச் செருகிப் பார்த்தேன். மேற்பரப்பு 26 டிகிரிக்கு வந்துவிட்டிருந்தது, நடுப்பகுதியோ இன்னும் 6 டிகிரியில்தான் இருந்தது. ஆக, அந்தக் காத்திருப்பால் உள்ளே எதுவும் சூடாகவில்லை. கிருமிகள் இருக்கும் மேற்பரப்புக்கு மட்டும்தான் அவை பெருக வசதியான சூடு கிடைத்தது. பொதுவாகச் சமைக்காத இறைச்சியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக்கூடாது என்பார்கள். சுற்றுப்புறம் 32 டிகிரியைத் தாண்டினால் அந்தக் கெடு ஒரு மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. கடையிலிருந்து வீட்டுக்கு வரும் நேரமும், வண்டியின் பின்பெட்டியில் கிடக்கும் நேரமும் இதே கணக்கில்தான் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம்.

இப்போது நெருப்பு நிலைபெற்று, புகையும் மெலிந்த பிறகே குளிர்ப்பெட்டியைத் திறக்கிறேன். இதனால் சுவையிலும் ஆதாயம்தான். குளிர்ந்த, ஈரமான மேற்பரப்பில் புகை நன்றாகப் படிகிறது. வெட்டிய துண்டின் ஓரத்தில் தெரியும் இளஞ்சிவப்பு வளையமும், புகையில் உள்ள வாயுக்கள் இறைச்சியின் நிறமியோடு சேர்வதற்கு அதிக நேரம் கிடைப்பதால் அகலமாக வருகிறது. ஊசியால் உப்புநீர் ஏற்றிய கறி, எலும்பு நீக்கிச் சுருட்டிய கறி, கொத்துக்கறி ஆகியவற்றில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். மேற்பரப்பில் இருந்த கிருமிகள் அவற்றில் உள்ளேயும் போயிருக்கும் என்பதால், குறைந்த சூட்டில் மணிக்கணக்காக இழுத்தடிக்காமல் நடுப்பகுதி விரைவில் 60 டிகிரியைக் கடக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். கோழியை 74 டிகிரி வராமல் நான் இறக்குவதே இல்லை.

* * *

மேலே இருவரும் கறியின் சூட்டை அளந்ததைப் படித்தேன். எங்கள் வீட்டில் அளக்காமல் விட்டது சமைத்தவரின் சூட்டை.

என் கணவர் காலை பத்து மணிக்கு விறகு அடுப்பைப் பற்றவைத்து, பிற்பகல் இரண்டு மணிவரை அதன் அருகிலேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். மேலே வெயில், எதிரில் அடுப்பு நெருப்பின் அனல், கையில் குளிர்ந்த பீர். தண்ணீர் குடியுங்கள் என்று நான் சொன்ன ஒவ்வொரு முறையும் புட்டியை உயர்த்திக் காட்டிச் சிரித்தார். பீர் உடலிலிருந்து நீரை இன்னும் வெளியேற்றத்தான் செய்யும் என்பதை அன்று யார் சொல்லியும் அவர் கேட்டிருக்கமாட்டார். இரண்டு மணிக்கு விறகு எடுக்க எழுந்தவருக்குக் கெண்டைக்காலில் தசை இழுத்துப் பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்தபடியே வாந்தி எடுத்தார். தொட்டுப் பார்த்தால் அந்த வெயிலிலும் தோல் பிசுபிசுத்துச் சில்லென்று இருந்தது.

உள்ளே படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்தி, சட்டையைக் கழற்றி, ஈரத் துணியை உடலெங்கும் போட்டு மின்விசிறியைத் திருப்பிவிட்டேன். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுத்தேன். முக்கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, கறி என்ன ஆயிற்று என்று கேட்டார். பேச்சில் குழறலோ தடுமாற்றமோ இல்லாததால்தான் வீட்டிலேயே சமாளித்தோம். பேச்சு குழறினாலோ, ஆள் யாரென்று தெரியாமல் விழித்தாலோ, மயங்கி விழுந்தாலோ அது வெப்பத் தாக்கு. அப்போது வாயில் எதையும் ஊற்றாமல், உடனே ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை குளிர்ந்த நீரால் உடலை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அன்றுமுதல் எங்கள் வீட்டில் அட்டவணையே மாறிவிட்டது. அதிகாலை இரண்டு மணிக்கு நெருப்பு பற்றவைக்கப்படுகிறது. காலை ஒன்பது மணிவாக்கில், மேலோடு கறுத்து இறுகியதும், கறியை அலுமினியத் தாளில் இறுகச் சுற்றி, வீட்டுக்குள் இருக்கும் மின்சார ஓவனில் 120 டிகிரியில் வைத்துவிடுகிறோம். இதை ஏமாற்று வேலை என்று சொல்பவர்கள் உண்டு. என் கணவரே முதலில் அப்படித்தான் சொன்னார். தாளில் சுற்றிய கறிக்குள் புகை நுழையப்போவதில்லை, அதற்கு வெப்பம் விறகிலிருந்து வந்தால் என்ன, மின்சாரத்திலிருந்து வந்தால் என்ன என்று நான் கேட்டதற்கு இன்றுவரை அவரிடமிருந்து பதில் இல்லை.

* * *

மேலே எழுதிய அம்மா சொன்ன, தாளில் சுற்றும் முறை இன்னொரு தொல்லைக்கும் மருந்தாகிறது. பெரிய துண்டு ஒன்று ஏறக்குறைய 65 முதல் 75 டிகிரிக்குள் வந்ததும், வெப்பம் ஏறாமல் மணிக்கணக்காக நின்றுவிடுவதை எல்லோரும் கண்டிருப்போம். நெருப்பு தரும் சூட்டை, மேற்பரப்பிலிருந்து ஆவியாகும் ஈரம் எடுத்துக்கொண்டு போய்விடுவதுதான் காரணம். நமக்கு வியர்ப்பது போலத்தான் கறிக்கும் வியர்க்கிறது.

வெளியே இவ்வளவு சூடு இருக்கும்போது இந்தத் தேக்கம் சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்து ஏமாந்தவன் நான். அன்று வறண்ட காற்றும் சேர்ந்து வீசியதால் ஈரம் இன்னும் வேகமாக ஆவியானது; 68 டிகிரியில் என் நெஞ்சுக்கறி ஐந்து மணி நேரம் அசையாமல் கிடந்தது. பொறுமையிழந்து விறகைக் கூட்டினேன், ஓரங்கள் காய்ந்து செருப்புத் தோலாயின. இப்போது தேக்கம் தொடங்கியதும் சுற்றிவிடுகிறேன். ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாததால் வெப்பம் மறுபடி ஏறுகிறது, நெருப்பைத் தொடவேண்டியதில்லை. உள்ளே ஒரு தட்டில் தண்ணீர் வைப்பதும் கறி காய்வதைக் குறைக்கிறது, ஆனால் வெயில் நாளில் அந்தத் தட்டை நினைத்ததைவிட அடிக்கடி நிரப்ப வேண்டியிருக்கிறது.

* * *

குளிர்ப்புகை முறையைக் கோடையில் முயல எண்ணுபவர்களுக்குச் சுருக்கமாக ஒன்று. மீனை வேகவைக்காமல் புகை மட்டும் ஏற்றும் அந்த முறைக்குப் பெட்டியின் உள்வெப்பம் 30 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். நான் முயன்ற நாளில், தீக்குச்சிகூடக் கிழிப்பதற்கு முன்பே பெட்டிக்குள் 37 இருந்தது. தட்டுத் தட்டாகப் பனிக்கட்டி வைத்தும் 33க்குக் கீழே இறங்கவில்லை. மீன் வேகவும் இல்லை, குளிர்ச்சியாகவும் இல்லை. கிருமிகளுக்கு அதைவிட வசதியான இடம் அமையாது. குளிர் காலம் வரட்டும் என்று பெட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

* * *

சமையல் முடிந்த பிறகும் நெருப்பு முடிவதில்லை என்பதை நான் மறுநாள்தான் கற்றுக்கொண்டேன். இரவு அணைந்துவிட்டதாக நம்பிய சாம்பலை, காலையில் வேலியோரம் கொட்டினேன். கோடையில் காய்ந்து சருகாகியிருந்த புல். பத்தே நிமிடத்தில் ஒரு பாய் அகலத்துக்குக் கருகிப் புகைந்தது. தோட்டத்துக் குழாய் அருகில் இருந்ததால் அதோடு போயிற்று. சாம்பல் போர்த்திய கங்கு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கக்கூடியது. இப்போது மூடியுள்ள இரும்பு வாளியில் கொட்டி, நீரூற்றிக் கிளறி, இரண்டு நாள் கழித்தே அப்புறப்படுத்துகிறேன். பலமாகக் காற்றடிக்கும் நாளில் நெருப்பே மூட்டுவதில்லை. நிழலுக்காகத் துணிப்பந்தலின் அடியில் அடுப்பை நகர்த்துபவர்களும் மேலே ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொள்வது நல்லது. கார் நிறுத்தும் கொட்டகைக்குள் கொண்டுபோவதோ அதைவிட மோசம், அங்கே தேங்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது.

* * *

முதலில் எழுதியவன் மீண்டும் வருகிறேன். இங்கே எல்லோரும் சொன்னதைப் படித்த பிறகு, சென்ற வாரம், மறுபடியும் நாற்பதைத் தொட்ட ஒரு நாளில், அதே எடையில் தோள்கறி செய்தேன். நள்ளிரவு ஒரு மணிக்கு அரைக் குழாய்க் கரி. கறி குளிர்ப்பெட்டியிலிருந்து நேரே கம்பித்தட்டுக்கு. 70 டிகிரியில் தேங்கியதும் தாளில் சுற்றி ஓவனுக்குள். பதினொரு மணிக்கு உள்வெப்பம் 95 ஆனதும், சுற்றிய தாளோடு பழைய துண்டுகளில் பொதிந்து, காலியாக இருந்த ஐஸ்பெட்டிக்குள் வைத்து மூடினேன். குளிரைக் காக்கும் பெட்டி சூட்டையும் அப்படியே காக்கிறது. ஒன்றரை மணிக்குத் திறந்தபோது இன்னும் 72 டிகிரி இருந்தது, எலும்பைப் பிடித்து இழுத்ததும் தனியாகக் கழன்று வந்தது.

இடையில், விடியற்காலையில் எழுந்து வந்த மாமியார், புகையே காணோமே, நெருப்பு அணைந்துவிட்டதா என்று கேட்டார். சாப்பிடும்போது அவர் தட்டைக் கவனித்தேன். மேலோட்டுக் கறுப்புத் துண்டுகளை ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்தார். எனக்கு முகம் வாடிவிட்டது. மற்றதெல்லாம் சாப்பிட்டு முடித்த பிறகு, அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நிதானமாக மென்றார்.