மலை நடைக்கு எந்த வாட்டர் ஃபில்டர் எடுக்கலாம்?

கேள்வி:
அடுத்த மாதம் நானும் தங்கையும் ஆறு நாள் மலை நடை போகிறோம். வழியில் ஓடைகள் உண்டு, கடை கிடையாது. போன தடவை கண்ணாடி மாதிரித் தெளிந்திருந்த ஓடைத் தண்ணீரை அப்படியே குடித்தேன். ஒரு வாரம் கழித்து வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. சோதித்ததில் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி. தங்கைக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது. பிழிந்து வடிக்கும் ஃபில்டர், யூவி (புற ஊதா) விளக்கு, தண்ணீரில் போடும் கிருமிநாசினி மாத்திரை மூன்றையும் பார்த்துவிட்டேன். எதை எடுக்க?

பதில் 1:
முதலில் ஓடைக்கு மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஆள் நடமாட்டமே இல்லாத இடமென்றால் பிழியும் ஃபில்டரே போதும் என்பேன். அதன் துளை 0.1 மைக்ரான். ஜியார்டியா சிஸ்ட், அதாவது தண்ணீரில் இருக்கும் அதன் உறை மூடிய வடிவம், 8 முதல் 12 மைக்ரான் வரை இருக்கும், உள்ளே நுழையவே முடியாது. பாக்டீரியாவும் நின்றுவிடும். வைரஸ் மட்டும் நிற்காது. மேலே வீடுகளோ கூடாரங்களோ இருந்தால், வடித்த தண்ணீரில் குளோரின் டை ஆக்ஸைடு மாத்திரையும் போடுங்கள்.

நான் வைத்திருப்பது சாயர் ஸ்குவீஸ், 85 கிராம்தான். ஆனால் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒரு தடவை நனைந்த ஃபில்டரைக் கூடாரத்துக்கு வெளியே விட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். இரவில் உறைபனி. காலையில் தண்ணீர் நன்றாகவே இறங்கியது, நானும் நிம்மதியாகக் குடித்தேன். உள்ளே இருக்கும் நுண்குழாய்கள் பனியில் வெடித்திருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டேன். இப்போதெல்லாம் ஜிப் கவரில் போட்டு ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன்.

யூவி எனக்கு ஒத்து வரவில்லை. வைரஸையும் அது செயலிழக்கச் செய்யும், உண்மைதான். ஆனால் கலங்கிய தண்ணீரில் ஒளி ஊடுருவாது, குளிரில் பேட்டரியும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

பதில் 2:
மாத்திரையை மட்டும் நம்பிப் போவதாக இருந்தால் நேரத்தைக் கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற இன்னொரு ஒட்டுண்ணி குளோரின் டை ஆக்ஸைடில் சாக 4 மணி நேரம் வேண்டும். நான் இரவு போட்டு வைத்துக் காலையில் குடிப்பேன். அயோடின் வேண்டவே வேண்டாம், கிரிப்டோவை அது சரியாகக் கொல்லாது. எரிபொருள் மிச்சம் இருந்தால் கொதிக்க வைப்பதே மேல். நன்றாகக் கொதி வந்த பிறகு 1 நிமிடம், 2000 மீட்டருக்கு மேலே 3 நிமிடம்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. நான்காம் நாள் பாதை ஒரு பெரிய முகாமுக்குக் கீழே போகிறது. அங்கே மட்டும் வடித்துவிட்டு மாத்திரையும் போடுகிறேன். மழைக்காலம், தண்ணீர் கலங்கலாக வந்தால்?

பதில் 1:
பாத்திரத்தில் அரை மணி நேரம் அசையாமல் வைத்தால் மண் அடியில் தங்கும். மேல் தண்ணீரைத் துணியில் வடித்து ஃபில்டரில் விடுங்கள். அதோடு வரும் சிரிஞ்சை வீட்டிலேயே விட்டுவிடாதீர்கள். தினமும் சாயங்காலம் சுத்தமான தண்ணீரை எதிர்ப்பக்கமாக அடித்தால் அடைப்பு விடும். ஓடையில் மொள்ளும் பைக்கு ஒரு சிவப்பு நூல் கட்டிவிடுங்கள். களைப்பில் தங்கை அதிலிருந்தே குடித்துவிடக் கூடாது.