கடலில்லாத போட்ஸ்வானா, கடலுள்ள காங்கோ: ஆப்பிரிக்கப் பாடத்தை எங்கே தொடங்குவது?

சித்தூர்_டீச்சர்
கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு ஆப்பிரிக்கா எடுக்க வேண்டும். நிலம், வரலாறு, பொருளாதாரம் என்று தனித்தனியாக நடத்தினால் மூன்றும் ஒட்டுவதில்லை. 54 நாடுகளில் 16க்குக் கடற்கரை இல்லை, அதனால்தான் வறுமை என்று சொன்னால், கடலில்லாமலே தேறிய போட்ஸ்வானா இடிக்கிறது. காங்கோ ஜனநாயகக் குடியரசுக்குக் கடலும் உண்டு, செம்பும் கோபால்ட்டும் உண்டு, ஆனாலும் தேறவில்லை. கையில் இரண்டு பீரியட்தான். எதை முதலில் எடுக்கலாம்?

புனலூர்_பாசஞ்சர்
டீச்சர், எல்லைக்கோட்டை விடுங்க, தண்டவாளத்தில் தொடங்குங்க. ஒரு வரைபடம், நாலு டிரேசிங் பேப்பர். முதல் தாளில் ஆறும் அருவியும், இரண்டாவதில் சுரங்கம், மூன்றாவதில் ரயில் பாதை. நாட்டு எல்லை கடைசித் தாள். அதை முதலிலேயே காட்டினால் பிள்ளைகள் கண் அங்கேயே நின்றுவிடும்.

ரயில் தாளை வைத்ததும் தெரியும்: பழைய பாதைகளில் பெரும்பாலானவை சுரங்கத்திலிருந்தோ தோட்டத்திலிருந்தோ துறைமுகத்துக்கு ஓடும். பக்கத்து நாட்டோடு சேர்ப்பவை குறைவு. சரக்கைக் கப்பலேற்றக் காலனி அரசுகள் போட்ட பாதை வேறெப்படி இருக்கும்?

முதல் பீரியட் முழுக்க காங்கோவுக்கே கொடுக்கலாம். அவ்வளவு பெரிய ஆறு, ஆனால் தலைநகர் கின்ஷாசாவுக்குக் கீழே லிவிங்ஸ்டன் அருவித்தொடர். கடலிலிருந்து வரும் கப்பல் மத்தாடித் துறைமுகத்தோடு நின்றுவிடும். அந்த இடைவெளியைத் தாண்டத்தான் 1890–98இல் 366 கி.மீ. ரயில் போட்டார்கள். தெற்கே கட்டாங்கா செம்பு சொந்த நாட்டுத் துறைமுகத்துக்கு வர வேண்டுமென்றால் லுபும்பாஷியிலிருந்து இலெபோ வரை ரயில், அங்கே இறக்கி கசாய் ஆற்றில் பார்ஜ் (சரக்குப் படகு), கின்ஷாசாவில் மறுபடி இறக்கி மத்தாடிக்கு ரயில், அப்புறம்தான் கப்பல். இறக்கும் இடமெல்லாம் கூலி, காத்திருப்பு, களவு. அதனால் செம்பு பெரும்பாலும் அண்டை நாடுகள் வழியாகத்தான் வெளியே போகிறது. கடற்கரை இருந்தும் சுரங்கத்துக்கு அது எட்டவில்லை.

அடுத்து சாம்பியா. 1964இல் விடுதலை. செம்பு போன முக்கியப் பாதை தெற்கே ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே) வழி. 1965இல் அங்கே வெள்ளைச் சிறுபான்மை அரசு தன்னிச்சையாக விடுதலை அறிவித்ததும் அந்த வழியை நம்ப முடியாமல் போனது. மேற்கே அங்கோலாவின் லோபிட்டோ துறைமுகத்துக்குப் போகும் பாதையை 1975இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் அடைத்தது. இதற்கிடையில் 1970–75இல் சீனா தான்சானியாவின் தார் எஸ் சலாம் வரை 1,860 கி.மீ. போட்டுக் கொடுத்தது, தசாரா என்பது அதுதான். அதிலும் ஒரு சிக்கல். சாம்பியாவோடு சேர 1,067 மி.மீ. கேஜ் (இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே உள்ள அகலம்), தான்சானியாவின் பழைய பாதையோ 1,000 மி.மீ. அந்த 67 மி.மீ.க்காகக் கிடாத்துவில் சரக்கை மாற்றி ஏற்ற வேண்டும். பொள்ளாச்சி லைன் மீட்டர் கேஜாக இருந்தபோது எப்படி என்று வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுவரச் சொல்லுங்க, சட்டென்று பிடிபடும்.

மறையூர்_கரும்பு
ரயில் சரிதான். ஆனால் போட்ஸ்வானாவுக்கு அது போதாது, அங்கே எடையைப் பார்க்க வேண்டும். செம்பை டன் கணக்கில் இழுத்தாக வேண்டும். வைரம் பெட்டியில் அடங்கி விமானத்தில் போய்விடும், துறைமுகமே வேண்டாம்.

இன்னொன்று, யாருக்குச் சொந்தம் என்பது. 1966இல் விடுதலை, 1967இல் ஒராபாவில் வைரம். அதே 1967இல் கனிம உரிமை குலங்களிடமிருந்து அரசுக்கு மாறியது. ஒராபா இருந்தது அதிபர் செரெட்சே காமாவின் சொந்தக் குலமான பமங்வாட்டோ நிலத்தில். அவர் குலமே விட்டுக்கொடுக்கும்போது வேறு குலங்கள் முறுக்கிக்கொள்ள வழியில்லை. பிறகு டி பியர்ஸ் என்ற வைரக் கம்பெனியோடு பாதிக்குப் பாதி பங்கு.

ஆனாலும் ‘வெற்றி’ என்று போர்டில் எழுதிவிடாதீர்கள். வைரச் சுரங்கம் ஆள் அதிகம் எடுக்காது, வேலையின்மை அங்கே இன்றும் பெரிது. செயற்கை வைரம் வந்தபின் வருமானமும் ஆடுகிறது.

வாளையார்_கணவாய்
நாலாவது தாளுக்கு ஓர் எச்சரிக்கை. 1884–85 பெர்லின் மாநாட்டில் உட்கார்ந்து எல்லாக் கோட்டையும் கிழித்தார்கள் என்று கையேடுகளில் இருக்கும். அங்கே முடிவானது பெரும்பாலும் விதிமுறை: காங்கோ, நைஜர் ஆறுகளில் போக்குவரத்து, கரையைப் பிடித்தால் மற்ற நாடுகளுக்கு அறிவிப்பது, இப்படி. கோடுகளில் பல பிறகு இரண்டிரண்டு பேராகப் பேசிப் போட்டவை.

நல்ல உதாரணம் நமீபியாவுக்கு வால்போல நீளும் கப்ரிவி, ஏறத்தாழ 450 கி.மீ. சாம்பேசி ஆற்றில் இறங்கி இந்தியப் பெருங்கடலுக்குப் போய்விடலாம் என்று ஜெர்மனி 1890இல் பிரிட்டனிடம் வாங்கியது. கீழே விக்டோரியா அருவி! அருவித் தாளை அதன்மேல் வையுங்கள், பிள்ளைகளே சிரித்துவிடுவார்கள்.

கோடுகள் இன்னும் ஏன் நிற்கின்றன என்று கேட்டால் 1964 கெய்ரோ தீர்மானம். விடுதலையின்போது இருந்த எல்லையை மதிப்பதென்று ஆப்பிரிக்க நாடுகளே ஏற்றுக்கொண்டன. ஒன்றைத் தொட்டால் எல்லாம் கிளம்பும் என்ற பயம். 1993இல் எரித்ரியா பிரிந்தபோது எத்தியோப்பியா கடற்கரையை இழந்தது. அதன் சரக்கு இப்போது பெரும்பாலும் ஜிபூட்டி வழிதான்.

சித்தூர்_டீச்சர்
நாலு தாள் முறையையே எடுத்துக்கொள்கிறேன். பள்ளியில் இருப்பது பழைய உலகப்படம், கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறக்குறைய ஒரே அளவில் தெரியும். அதில் டிரேஸ் செய்யலாமா?

புனலூர்_பாசஞ்சர்
வேண்டாம், அது மெர்கேட்டர் முறைப் படம், துருவப் பக்கம் போகப் போக நிலத்தைப் பெரிதாக்கிக் காட்டும். உண்மையில் ஆப்பிரிக்கா கிரீன்லாந்தைவிடச் சுமார் 14 மடங்கு பெரிது. அட்லஸில் ஆப்பிரிக்கா மட்டும் உள்ள பக்கத்தை ஏ3இல் பெரிதாக்கி, நாலு தாளையும் அந்த ஒரே நகலிலிருந்து எடுங்க. வெவ்வேறு படத்தில் எடுத்தால் அருவி ஒரு பக்கம், ஆறு ஒரு பக்கம் போகும். மூலைக்கு ஒரு பெருக்கல் குறி போட்டுக்கொண்டால் தாள் நகர்ந்தாலும் திரும்பப் பொருத்திவிடலாம்.