அப்பாவின் பாலிசி க்ளெயிமை நிராகரித்துவிட்டார்கள், என்ன செய்யலாம்?

காசிமேட்டுக்காரன்:
அப்பா 2019-ல் எடுத்த ஆயுள் காப்பீடு. போன மாதம் தவறிவிட்டார். சர்க்கரை நோயை மறைத்தார் என்று பணம் தர மறுக்கிறார்கள். ஏஜென்ட் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எல்லாக் கட்டத்திலும் அவரே ‘இல்லை’ என்று டிக் போட்டார், அப்பா கையெழுத்து மட்டும்தான்.

தண்டையார்பேட்டை அக்கா:
கையெழுத்துப் போட்டால் அப்பா சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள் தம்பி, அந்த வாதம் நிற்பது கஷ்டம். ஆனால் காப்பீட்டுச் சட்டம் 45-ஆம் பிரிவுப்படி மூன்று வருடம் தாண்டினால் எந்தக் காரணம் சொல்லியும் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. நடுவில் காலாவதியாகிப் புதுப்பித்தீர்களா? அப்படியென்றால் அந்தத் தேதியிலிருந்துதான் கணக்கு.

காசிமேட்டுக்காரன்:
2021-ல் ஒருமுறை, கொரோனா சமயம்.

வியாசர்பாடி:
சரி, அதுவும் தாண்டியாச்சு. முதலில் கம்பெனிக்குப் புகார் எழுதுங்கள், ஒரு மாதத்தில் அசையவில்லை என்றால் தேனாம்பேட்டையில் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) இருக்கிறார், அவரிடம் போங்கள். வக்கீலும் வேண்டாம், கட்டணமும் இல்லை.