அண்ணனை வெட்டியவருக்கு முன்விடுதலை: நாங்கள் என்ன பதில் சொல்ல?

கரிசல்காரி:
போன செவ்வாய்க்கிழமை நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்தார். வரப்புத் தகராறில் என் அண்ணனை வெட்டிக் கொன்றவர் ஆயுள் தண்டனையில் 15 வருடம் முடித்துவிட்டாராம். உள்ளே தையல் கற்று, பத்தாம் வகுப்பும் எழுதியிருக்கிறார். ஒரு புகார் கிடையாதாம். "அவர் ஊருக்கு வந்தால் உங்களுக்கு ஆட்சேபணை உண்டாம்மா?" என்று கேட்டார். அம்மா எழுந்துபோய் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வாய் திறக்கவில்லை. நான் இரண்டு நாள் அவகாசம் கேட்டிருக்கிறேன். வெட்டியவர் வீடு எங்கள் வீட்டிலிருந்து ஆறாவது வீடு. ஆயுள் என்றால் 14 வருடம்தான், விட்டுத்தான் ஆகவேண்டும் என்கிறார்கள் ஊரில். உண்மையா? நல்லபடியாக இருந்தார் என்பதற்காக விடுவது சரியா?

வக்கீல் குமாஸ்தா:
இல்லை, ஆயுள் என்றால் ஆயுள் முழுக்கத்தான். காந்தி கொலையில் தண்டனை பெற்ற கோபால் கோட்சே வழக்கில் 1961லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொலை வழக்கில் ஆயுள் பெற்றவரை 14 வருடத்துக்கு முன் அரசு விடக்கூடாது என்பதுதான் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 433அ பிரிவு. 14 ஆனால் மனு பரிசீலனைக்கு வரும், அவ்வளவே. அரசியலமைப்பின் 161ஆம் பிரிவில் ஆளுநருக்கு உள்ள மன்னிப்பு அதிகாரத்துக்கு அந்தக் கட்டும் இல்லை. 2008 அண்ணா நூற்றாண்டில் 7 வருடம் முடித்தவர்களே வெளியே வந்தார்கள்.

மேலூர்க்காரன்:
நன்னடத்தைக்காக விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 1997ல் மேலவளவில் தலித் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். தண்டனை பெற்றவர்களில் 13 பேர் 2019ல் முன்விடுதலையானார்கள். சாதிக்காகக் கொன்றவன் சிறைக்குள் ஒழுங்காக இருந்தால், ஊருக்குள் மாறிவிட்டான் என்று எப்படி நம்புவது?

ஓய்வுபெற்ற வார்டர்:
தங்கச்சி, 29 வருடம் காக்கி போட்டவன் சொல்கிறேன். வெளியே போகலாம் என்ற நம்பிக்கை இருப்பதால்தான் ஆயுள் கைதி காலையில் எழுந்து வேலைக்குப் போகிறான். அதையும் பிடுங்கிவிட்டால் பிளாக்கில் அவனோடு இருக்கும் மற்றவர்களுக்கும் ஆபத்து, எங்களுக்கும் ஆபத்து. ஆனால் மேலூர்த் தம்பி கேட்பதும் நியாயம். உள்ளே நாங்கள் பார்ப்பது எங்களிடம் அவன் நடந்துகொள்வதை மட்டும்தான். நான் பரோலைத்தான் பார்ப்பேன். அவர் பரோலில் வந்தாரா? உங்கள் தெருவில் எப்படி நடந்தார்?

கரிசல்காரி:
அண்ணே, நீங்கள் கேட்ட பிறகுதான் யோசித்தேன். இரண்டு தடவை வந்தார். ஒரு தடவை அவர் அம்மா சாவுக்கு. போலீஸ் காவலோடு வந்தவர், எங்கள் வாசல் வழியே வராமல் கண்மாய்க் கரையைச் சுற்றிப் பின்பக்கமாகப் போனார். அன்றைக்கு எங்கள் அம்மா அந்தத் துக்கத்துக்குப் போயிருந்தாள். அதை எனக்கு இன்றைக்குத்தான் சொல்கிறாள். "அவளும் பிள்ளையை இழந்தவதானே" என்றாள்.

ஆனாலும் தினம் காலையில் குழாயடியில் அந்த முகத்தைப் பார்க்க அவளால் முடியாது. என்னாலும் முடியாது. இன்று அலுவலரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன்: விடுதலைக்கு ஆட்சேபணை இல்லை, எங்கள் தெருவில் குடியிருக்கக் கூடாது என்று நிபந்தனை போடவேண்டும், விடும் தேதியை எங்களுக்கு முன்கூட்டியே சொல்லவேண்டும். அம்மா கைநாட்டு வைத்தாள்.